திரைக்கு வெளியே ஆறு வருஷம்

வளையல்கார வஹீத் பாயைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். அவர் வஜீஹாவாக இருந்தபோதும் என் கையைப் பிடித்து வளையல் அடுக்கியிருக்கிறார், அப்துல் வஹீத் ஆன பிறகும் அடுக்கியிருக்கிறார். மயிலாப்பூரில் இப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடிய பெண்கள் ஐம்பது பேராவது இருப்போம். மற்றவர்களுக்கு எழுத நேரமில்லை. என் வீட்டுக்காரர் அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறவர் என்பதால் எங்கள் வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. எனக்கு வாய்க்கும் பஞ்சமில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் வஜீஹாவாக இருந்த காலத்தைச் சொல்லும்போதும் 'அவர்' என்றே எழுதப் போகிறேன். அப்படி எழுதச் சொன்னது அவரேதான். "முன்னாடி அவ, பின்னாடி அவருன்னு எழுதினீங்கன்னா படிக்கிறவங்க ரெண்டு ஆளுன்னு நெனைச்சிக்குவாங்க. நான் ஒரே ஆளுதானே" என்றார். நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

நான் கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில். அப்போது அவர் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், தங்கை சகினா வீட்டில் இருந்தார். தாய் தகப்பன் இல்லை. கல்யாணப் பேச்சு எடுத்த போதெல்லாம் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சகினாவின் புருஷன் ஷரீஃப் கோட்டு தைக்கிற தையல்காரர். அவர்களுக்கு ஒரே பெண், அன்வரி. சகினாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருஷம் உடம்பு தேறவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டியது, தொட்டில் ஆட்டியது, பாலாடையில் பால் புகட்டியது எல்லாம் வஹீத் பாய்தான். நாற்பதாம் நாள் அந்தப் பிஞ்சுக் கையில் கருவளையல் போட்டுவிட்டு, "ஒன் கல்யாண வளையலும் என் கையாலதான்" என்று சொன்னாராம். இதை என்னிடம் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பார். உலகத்தில் அவர் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

புதன்கிழமை புதன்கிழமை எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் கூடையோடு வருவார். நல்ல உயரம், அகன்ற கை, கட்டைக் குரல். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். மொச்சை இருந்தால் உரித்துத் தருவார். குழந்தை அழுதால் மடியில் போட்டுக்கொள்வார். மாமியார் சண்டை, மஞ்சள் காணி நிலத்துச் சண்டை, யார் வீட்டில் யார் சாப்பிடாமல் படுத்தார்கள் என்பதெல்லாம் அவர் காதில் விழாமல் போகாது. அவர் சொன்ன விலையில் பாதியைக் கேட்போம். முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார். காபி மிஞ்சினால் கொடுப்போம், மிஞ்சாவிட்டால் இல்லை. என் மூத்த பையன் நாலு வயசுப் பொடியன், அவரை "ஏ வளையல்காரி" என்று கூப்பிடுவான். ஒருத்தரும் அதட்டியதில்லை. அவனுக்கு அதைக் கற்றுக் கொடுத்ததே நாங்கள்தான், பிறகு எப்படி அதட்டுவோம்? இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தோராம் வருஷம் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. நாற்பது நாள் படுக்கை. தலையை ஒட்ட வெட்டிவிட்டார்கள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மாம்பலத்துக்குப் போனார். புதுசாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த இடம். யாருக்கும் யாரையும் தெரியாது. வெயிலுக்காக, செத்துப்போன தகப்பனாருடைய சட்டையையும் குல்லாவையும் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார். பனகல் பார்க் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாள், "பாய், இப்படி வாங்க. செகப்பு வளையல் கீதா?" என்று கூப்பிட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாருமில்ல. என்னத்தான் கூப்பிட்றாங்க. ஏழு வயசுலருந்து மனசுக்குள்ள நான் என்னை எப்பிடி கூப்பிட்டுக்கினு இருந்தனோ, அப்பிடியே அந்த அம்மா கூப்டுது. அந்த அம்மா தெரியாமத்தான் சொல்லிச்சு. எனக்கு அது போதும்."

வளையல் போட்டார், காசு வாங்கினார், வீட்டுக்கு வந்தார். மறுநாளும் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டார். முகத்தில் முன்பே கொஞ்சம் பூனைமயிர் உண்டு. அதைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை தங்கையையும் மைத்துனரையும் உட்காரவைத்து, "இனிமே நான் அப்துல் வஹீத்" என்றார். ஷரீஃப் நெடுநேரம் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில், "அப்ப நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்றார். சகினா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே வஹீத் பாய் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் யாரும் வரவில்லை. வாசல் பக்கம் "வளையல்" என்று குரல் கேட்டது. கதவைத் திறந்தால் குல்லாவும் லுங்கியுமாக ஒரு ஆள். யாரென்று புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"கெங்கம்மா, இனிமே நான் இப்பிடித்தான். வேணான்னா சொல்லு, இந்த வாசலுக்கு வரல" என்றார்.

சிரித்ததற்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. "பச்ச வளையல் கீதா?" என்று கேட்டுக் கையை நீட்டினேன். அவருடைய விரல்கள் அதே விரல்கள். என் எலும்பு எங்கே முட்டும், எந்த இடத்தில் அமுக்கினால் வளையல் நழுவி ஏறும் என்று அவற்றுக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் எதிர்வீட்டுக் குப்பம்மா சும்மா இருப்பாளா? வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. விஷயம் என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் காதுக்குப் போய், அவர் இலையில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார்.

"இன்னாது, அது ஆம்பள வேசம் கட்டிக்கினு வருதாம், நீயும் கைய நீட்டுனியாமே?"

"இத்த கேளு நைனா" என்றேன். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். "அது பொம்பளன்னு வெச்சிக்க. பொம்பள கைய பொம்பள புடிச்சா இன்னா தப்பு? ஆம்பளன்னு வெச்சிக்க. அப்ப அவரு வளையல்காரரு. வளையல்காரர் பொம்பள கைய புடிச்சா எந்த ஊர்ல தப்பு?"

வளையல்காரன் கையைப் பிடிப்பதை எந்தப் புருஷனும் குற்றமாகச் சொல்வதில்லை. மருதாணி வைக்கிற மாதிரி, அது தொழில். என் வீட்டுக்காரர் ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்தாக இருக்கவே பேச்சை விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து லீவு நாளில் அவரே வாசலில் நின்று, "வாங்க பாய், உக்காருங்க" என்று முக்காலி எடுத்துப் போட்டார். இரண்டு பேரும் கிண்டி பந்தயக் குதிரைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆறு வருஷமாக எங்கள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்த வஜீஹாவிடம் என் வீட்டுக்காரர் ஆறு வார்த்தை பேசியிருப்பாரா என்பது சந்தேகம்.

அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆள் அதே ஆள், கூடை அதே கூடை, வளையலும் அதே சைனா பஜார் சரக்கு. கொல்லைப்பக்கம் வந்தவர் வாசல் பக்கம் வந்தார், அவ்வளவுதான். உடனே காபி மிஞ்சுவதற்காகக் காத்திருக்கவில்லை, அவருக்கென்று போட்டார்கள். சொன்ன விலைக்குக் கால்வாசிதான் குறைத்தார்கள். அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே யாரும் பேசுவதில்லை. "நான் அப்ப சொன்ன அதே பேச்சத்தான் இப்பவும் சொல்றேன். இப்பதான் அதுல ஏதோ கீதுன்னு தலையாட்டிக்கினு கேக்கறாங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நானும் 'வா' என்றிருந்தவள் 'வாங்க' என்றேன். அவரும் பதிலுக்கு என்னை 'நீங்க' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் ஏற்றம்தான் என்று சொல்ல முடியாது. முன்பு டிராமில் ஏறினால் பெண் என்று பெஞ்சில் இடம் விடுவார்கள். இப்போது கூடையோடு படியில் தொங்க வேண்டும். கண்டக்டர், "யோவ், கூடைய உள்ள தள்ளு" என்று கத்துகிறான். அதை என்னிடம் வந்து ராவ்பகதூர் பட்டம் வாங்கியவர் மாதிரி சொன்னார். லஸ் முனையில் ஒரு டீக்கடையில் முதல்முதல் உட்கார்ந்த அன்று எழுந்துவர மனசில்லாமல் நாலு டீ குடித்திருக்கிறார். பள்ளிவாசலுக்குப் போன கதையை மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "யாரு, எந்தூருன்னு ஒருத்தரும் கேக்கல. கொஞ்சம் தள்ளி நின்னு வரிசைல எடம் விட்டாங்க. தோளோட தோள் இடிச்சிக்கினு நின்னேன், கெங்கம்மா."

போனது என்ன என்று கேட்டால், கதைகள் போயின. வஹீத் பாய் வாசலில் நுழைந்தால் பெண்கள் பேச்சு பாதியில் நின்றுவிடும். "அந்த மந்தவெளி மாமியார் மருமவள திரும்ப சேத்துக்கினாளா இல்லியா? யாராவது சொல்லித் தொலைங்களேன்" என்று என்னிடம் தனியாகக் கேட்பார். நான் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடிப்பேன். குழந்தைகளும் போயின. என் கடைசிப் பெண் பிறந்த சமயம் வந்தவர், தொட்டிலை எட்டி எட்டிப் பார்த்தார். குழந்தையை எடுத்து அவர் மடியில் போட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அவர் போன பிறகு தோன்றியது. அடுத்த புதன்கிழமை வந்ததும் முதல் வேலையாகக் குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். குப்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே தாண்டினார். தாண்ட முடியாமல் நின்றது தங்கை வீட்டுத் திரையில்தான்.

அந்தச் சந்தில் ஒன்பது வீடுகள், ஒன்பதும் கோஷா வீடுகள். பெண்கள் அன்னிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். வாசலில் திரை தொங்கும். தகப்பன், அண்ணன் தம்பி, தாய்மாமன், சித்தப்பா மாதிரி ரத்த உறவு என்றால் திரை கிடையாது, நேரே உள்ளே போகலாம். வஜீஹாவாக இருந்தபோது ஒன்பது வீட்டு உள்ளறைகளிலும் இவர் புழங்கியவர். வஹீத் ஆனதும் மற்ற வீடுகளில் தானாகவே வாசலோடு நின்றுகொண்டார். தங்கை வீட்டில் மட்டும் வழக்கம்போல உள்ளே கால் வைத்தார். சகினா திரையைச் சரட்டென்று இழுத்து, "வெளிய நில்லுங்க. கூடைய வெச்சிட்டுப் போங்க" என்றாள், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி. கூடப்பிறந்த தங்கை அவரை 'போங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம், ஒரு மாதம்கூடத் தவறாமல் அந்தத் திரைக்கு வெளியே போய் நின்றார். திரைக்கு அடியில் தட்டைத் தள்ளுவார். யாருக்கு எந்த அளவு என்று கேட்க மாட்டார். ஒன்பது வீட்டுப் பெண்களின் மணிக்கட்டும் அவர் விரலுக்கு மனப்பாடம். ஆனால் அன்வரி வளர்கிற பெண். பதினொரு வயசில் பார்த்த கை. ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு பருத்திருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுத்தான் வளையல் எடுத்து வைப்பார். பெரும்பாலும் சரியாக இருந்தது. ஒரு தடவை சின்னதாகிப் போய் மூன்று உடைந்து திரும்பி வந்தன. அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று சகினா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

முப்பத்தேழில் அன்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ராயப்பேட்டை, காகிதக் கடையில் வேலை. விஷயம் தெரிந்த மறுநாளே வஹீத் பாய் என்னைத் தேடி வந்தார். அன்று புதன்கிழமைகூட இல்லை.

"நீங்க பொம்பள. திரைக்கு உள்ள போவலாம். சகினாவாண்ட ஒரே ஒரு கேள்வி எனக்காக கேக்கணும்" என்றார். "நான் அவளுக்கு அக்கான்னா, அன்வரிக்கு பெரியம்மா. பெரியம்மாவுக்கு திரை கிடையாது. அண்ணன்னா, அன்வரிக்கு மாமு. மாமுவுக்கும் திரை கிடையாது. நீங்க அன்னிக்கி உங்க வீட்டுக்காரர மடக்கின மாதிரிதான். திரை போட்றது அன்னியனுக்கு. நான் அவளுக்கு எப்ப அன்னியனானேன்னு கேளுங்க. அந்தப் புள்ள கைல வளையல் போட்டுட்டு ஓடிப் பூட்றேன். வேற ஒண்ணும் வேணாம்."

புடவையை மாற்றிக்கொண்டு நேரே போனேன். சகினா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்வரி உள்ளறையில் இருந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே கேள்வியைப் போட்டுவிட்டேன். கொஞ்சம் கூடவே போட்டேன். கல்நெஞ்சுக்காரி என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

சகினா முறத்தைக் கீழே வைத்தாள். "நான் அவர உள்ள உட்டிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா உனக்கு?" என்றாள்.

அவளே சொன்னாள்.

"அன்னிக்கி ஒம்போது வூட்டு பொம்பளைங்களும் திரைய வெலக்கி என் வாசலத்தான் பாத்துக்கினு நின்னாங்க. நான் அவர உள்ள உட்டா இன்னா நெனைப்பாங்க? அண்ணன உட்டான்னா நெனைப்பாங்க? சகினாவே போத்திக்கல, அது வஜீஹாதான், இன்னாத்துக்கு நாம ஒளியணும்னு நெனைப்பாங்க. எதுத்த வூட்டு பேகம் முக்காடு இல்லாம அவர் எதுருல வந்து கைய நீட்டுவா. ஏ வஜீஹான்னு கூப்புடுவா. ஒவ்வொரு வூட்லயும் அப்பிடியே. அவரு சட்டையும் குல்லாவும் போட்டுக்கினு இந்தச் சந்துல பொம்பளையாவே கெடந்திருப்பாரு, சாவற வரைக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "கூடப்பொறந்த நானே திரை போட்டேன் பாரு, மத்தியானத்துக்குள்ள ஒம்போது வூட்லயும் திரை உளுந்துச்சு. மறுநா எல்லாம் பாய்னு கூப்டுதுங்க. எங்கூட்டுக்காரர் எடத்த காலி பண்ண சொன்னாரு, அது அவர் புத்தி. திரை என் புத்தி. அவருக்கு குடுக்க என்னாண்ட வேற இன்னா கீது?"

நான் அவலை நினைத்து உரலை இடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷம் நான் திட்டித் தீர்த்த திரை அது. "இத்த அவராண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா அவரு ஒத்துக்குவாரா? சந்து எக்கேடு கெட்டா இன்னா, எனக்கு அன்வரிதான் வேணும்னு உள்ள வந்து குந்திக்குவாரு. அவர எனக்குத் தெரியாதா?"

"இப்பதான் ஆறு வருசம் ஆச்சே" என்றேன். "வஜீஹான்னு ஒரு ஆளு இருந்துச்சான்னு இந்தச் சந்துப் புள்ளைங்களக் கேளு, முழிக்கும். இன்னும் இன்னாத்துக்குத் திரை?"

அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ இத்த அவராண்ட சொல்லாத. சத்தியமா சொல்லாத" என்றாள்.

சத்தியம் செய்துவிட்டேன். என் வயிற்றில் ஒரு வார்த்தை ஒரு பொழுது தங்காது என்பது மயிலாப்பூர் அறிந்தது. எட்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வஹீத் பாய் மறுநாளே வந்து கேட்டார். "பாக்கலாம்னு சொன்னா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். முடியாது என்றுதான் அர்த்தம் பண்ணிக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பச்சைக் கண்ணாடியும் அரக்கும் கலந்து இரண்டு கைக்கும் வேண்டிய வளையல்களைத் தட்டில் அடுக்கி, பச்சைத் துணியால் மூடி, திரைக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். சந்து முழுக்க அடைத்துப் பந்தல். ஆண்கள் பந்தலில் ஜமக்காளத்தில், பெண்கள் நாங்கள் வீட்டுக்குள் திரைக்கு இந்தப் பக்கம். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது அன்வரியின் கைதான். மருதாணி சிவந்து கிடந்தது, தலையில் மல்லிகை இருந்தது, கையில் ஒரு வளையல்கூட இல்லை. முந்தின நாளே போட்டிருக்க வேண்டும். வந்திருந்த பெண்கள் காதோடு காது பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பேகம், மணப்பெண் மொட்டைக் கையோடு இருப்பது ஆகாது என்று சகினாவிடமே வந்து சொன்னாள். சகினா, "ஆவட்டும்" என்று மட்டும் சொன்னாள். தட்டு, மூடிய துணி மூடியபடியே, சுவர் மாடத்தில் இருந்தது.

திரையின் ஓரமாக நின்று பந்தலைப் பார்த்தேன். வஹீத் பாய் கடைசி வரிசையில், செருப்புகள் விட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுக் குல்லா. யாரோ ஒரு தூரத்து விருந்தாளி மாதிரி இருந்தார்.

அவர்கள் கல்யாணத்தில் ஒரு முறை உண்டு. பெண்ணை நேரில் கேட்டு, அவள் சம்மதத்தைச் சபையில் வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவருக்கு வக்கீல் என்று பெயர். கோர்ட்டு வக்கீல் இல்லை, அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் வக்கீல். திரையைத் தாண்டிப் பெண் இருக்கிற இடத்துக்கே போக வேண்டியவர் என்பதால் அவர் பெண்ணுக்கு ரத்த உறவான ஆணாக இருக்க வேண்டும். ஷரீஃபின் தம்பி ஆற்காட்டிலிருந்து வந்து முதல் வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

காஜி வலியுல்லா சாகிப் தடித்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "பொண்ணு தரப்பு வக்கீல் யாரு?" என்று கேட்டார்.

ஆற்காட்டுத் தம்பி குல்லாவைச் சரிசெய்துகொண்டார். ஷரீஃப் எழுந்து நின்றார். திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். என் பக்கத்தில் சகினா திரைத் துணியை ஒரு பிடி பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஷரீஃப் தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்துப் பேசினார்.

"வஹீத் பாய், எழுந்து வாங்க. பொண்ணுக்கு மாமு நீங்க இருக்கறப்ப வேற யாரு?"

மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் யாரென்று கேட்டார். "தாய்மாமன்" என்றார் அவர். கிழவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டு மூக்குப்பொடி டப்பாவைத் தேட ஆரம்பித்தார். வஹீத் பாய் எழுந்து வருவதற்குள் இரண்டு பேர் கால்களை மிதித்துவிட்டார். காஜி பேனாவை மையில் தொட்டுக்கொண்டு பெயர் கேட்டார். "அப்துல் வஹீத்" என்றார். தகப்பனார் பெயர் கேட்டார். சொன்னார். காஜி எழுதிக்கொண்டார்.

சாட்சிகள் இரண்டு பேர் வெளியே நிற்க, இவர் மட்டும் திரையிடம் வந்தார். தூக்கலாமா என்று தெரியாமல் கையை நீட்டி, மடக்கிக்கொண்டார். சகினா உள்ளேயிருந்து திரையைத் தூக்கினாள்.

அவர் உள்ளே காலெடுத்து வைத்ததும் அந்த அறையில் இருந்த அத்தனை பெண்களும் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். எதிர்வீட்டுப் பேகம் எழுந்து கதவுக்குப் பின்னாலேயே போய்விட்டாள். கோஷாவுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, என் கையும் தானாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டது. திறந்திருந்த முகங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று சகினா, இன்னொன்று அன்வரி. அவர் ஒரு தடவை அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. எனக்கும் வழிந்தது, நான் ஏன் மறைக்க வேண்டும்?

அன்வரி முன்னால் உட்கார்ந்து முறைப்படி உருதுவில் மூன்று தடவை கேட்டார். அவள் மூன்று தடவையும் மாமுவைப் பார்த்துக்கொண்டே சம்மதம் என்றாள். வெளியே நின்ற சாட்சிகள் கேட்டுக்கொண்டார்கள். அவர் எழுந்திருக்கப் போனார்.

"எங்க போற?" என்றாள் சகினா. மாடத்துத் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துத் துணியை விலக்கினாள். "புள்ள கை வெறுமையா கீது பாரு. போட்டுட்டுப் போ."

"வெளிய சபை காத்துக்கினு கீது" என்றார் அவர்.

"நீ போடு."

அவர் அன்வரியின் இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கட்டை விரலால் எலும்பைத் தொட்டுப் பார்த்தார், இருபக்கமும் மெல்ல அமுக்கிவிட்டார். முதல் வளையல் ஏறியது, அடுத்தது ஏறியது. அவசரமே படவில்லை. வெளியே ஆட்கள் இருமினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் சலசலப்புக் கேட்டது. சம்மதம் வாங்க இவ்வளவு நேரமா, பெண் ஏதாவது மறுக்கிறாளா என்று காஜி கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

ஷரீஃப் பதில் சொன்னார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. மாமு வளையல் போட்டுக்கினு கீறாரு. இருங்க."

எல்லோரும் இருந்தார்கள்.